இ.இ.ஜி நார்மல் என்றால் தலைவலி பொய்யா?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. இ.இ.ஜி பற்றியது, அதாவது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "எனக்கு மைக்ரேன். இ.இ.ஜி எடுத்ததில் நார்மல் என்று வந்தது. 'மெஷினே ஒன்றுமில்லை என்கிறது, நீதான் பெரிதுபடுத்துகிறாய்' என்கிறார்கள் வீட்டில். மூளை அலையில் வலி தெரியாதா?"

தெரியாது.

ஏன்? பழைய வீடியோக்களைப் பார்த்தவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். ஆமாம், அதேதான்: மூளைக்கு வலிக்காது! வலியை உணரும் நரம்பு நுனிகள் மூளைத் திசுவில் கிடையாது. மேலே இருக்கும் உறையிலும் ரத்தக் குழாய்களிலும்தான் உண்டு. ஆள் விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். இ.இ.ஜி பிடிப்பதோ, மூளையின் மேற்பரப்பில் எக்கச்சக்கமான நரம்புச் செல்கள் சேர்ந்து எழுப்பும் மின்னழுத்தத்தை. அதுவும் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். வலிப்பு நோய்க்கு அருமையான கருவி. தலைவலிக்கு வழக்கமான சோதனையாக இது உதவாது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 1995-லேயே சொல்லிவிட்டது.

ஒருமுறை பதிவு நடக்கும்போது பக்கத்தில் இருந்தேன். திடீரென்று கோடுகள் கறுத்து அடர்ந்து தாறுமாறாகத் துள்ளின. "இதோ வலி!" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதிவு செய்தவர் அசரவே இல்லை. "பல்லைக் கடிக்காதீங்க" என்றார். அடங்கிவிட்டது. நான் பார்த்தது தாடைத் தசையை!

அப்புறம் எதற்குத் தலைவலி ஆராய்ச்சியில் இதை வைத்திருக்கிறார்கள்? வலி இல்லாத நாளில் அந்த மூளை என்ன செய்கிறது? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பேன். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட திரைமுன் உட்கார வைப்பார்கள். நொடிக்கு மூன்று தடவை போலக் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும், சுமார் பத்தில் ஒரு நொடி கழித்து, பின்மண்டையில் ஒரு குட்டி அலை. தனியாகப் பார்த்தால் இரைச்சலில் காணாமல் போகும். நூறை சராசரி எடுத்தால் எட்டிப்பார்க்கும். அடுத்த நூறு, அதற்கடுத்த நூறு என்று போகப்போக மூளைக்குச் சலித்து அலை குட்டையாகும். கடிகாரச் சத்தம் காதில் விழாமல் போவது போல. மைக்ரேன் உள்ள பலருக்கு அது குட்டையாகவில்லை, வளர்ந்ததுகூட உண்டு. பெல்ஜியத்தில் நரம்பியல் மருத்துவர் ஷோனென் குழுவினர் 1990-களில் காட்டியது இது. எல்லா ஆய்வுக்கூடத்திலும் இப்படியே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த இடத்திலும் அது குழுவின் சராசரி. உங்கள் ஒருவர் தலையை வைத்துத் தீர்ப்பு எழுத உதவாது.

வேடிக்கை என்னவென்றால், வலி தொடங்கும் சமயத்தில் அந்த அலை மற்றவர்களுடையதைப் போலவே ஆகிவிடுகிறது என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். வலிக்கிற அன்றைக்குத்தான் நார்மல்!

வீட்டில் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்திலேயே அலையைப் பதிந்துவிட்டு, "கடைசியாக எப்போது வலித்தது, அடுத்து எப்போது வந்தது" என்று சோதனைக்கு வந்தவரிடமேதான் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.