21 ஆட்டம், 21 தோல்வி: ஊர் திரும்பியபோது காத்திருந்த 50,402 பேர்!

ஒரு பேஸ்பால் அணி சீசனில் 24 ஆட்டம் ஆடி முடித்திருக்கிறது. அதில் ஜெயித்தது ஒன்று, தோற்றது 23. வெளியூர்ப் பயணம் முடிந்து சொந்த ஊருக்கு வருகிறது. திங்கட்கிழமை இரவு, மறுநாள் வேலை நாள். ஸ்டேடியத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? ஒரு எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

50,402 பேர்.

வணக்கம் நண்பர்களே. இன்றைய கதை பால்டிமோர் ஓரியோல்ஸ், 1988 ஏப்ரல். நான் இந்த அணியின் ரசிகன், அதனால் நடுநிலையோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஏப்ரலில் ஆரம்பித்தால் ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். ஓரியோல்ஸ் 1983இல் சாம்பியன். அதற்கு ஐந்தே வருடம் கழித்து நாம் பார்க்கப்போகும் ஏப்ரல். பின்னணி அவ்வளவுதான்.

(திரையில்: ஏப்ரல் 4, 1988. மில்வாக்கி 12, பால்டிமோர் 0)

முதல் நாள். சொந்த மைதானமான மெமோரியல் ஸ்டேடியத்தில் 50,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். 12க்கு 0 என்று தோல்வி. சரி, ஒரு ஆட்டம்தானே என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அடுத்ததும் தோல்வி. ஆறு ஆட்டம் தோற்றதும் மேனேஜரை, அதாவது நம்ம ஊர் கணக்கில் தலைமைப் பயிற்சியாளரை, நீக்கிவிட்டார்கள்.

அந்த மேனேஜர் கால் ரிப்கன் சீனியர், முப்பது வருடத்துக்கும் மேலாக இதே அமைப்பில் உழைத்தவர். அவருடைய இரண்டு மகன்களும், கால் ஜூனியரும் பில்லியும், அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அணிக்காக மறுநாளும் மட்டையைப் பிடிக்க வேண்டும் என்றால் மனது எப்படி இருக்கும்? அந்த வருடம் பில்லி தன் 3ஆம் எண் சட்டையை விட்டுவிட்டு, அப்பா அணிந்திருந்த 7ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டார். இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆறே ஆட்டத்தில் அவரை நீக்கியது தவறு என்பதுதான் இன்றும் என் கருத்து.

ஏனென்றால் அடுத்து வந்தவர் சாதாரண ஆளில்லை. பிராங்க் ராபின்சன். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர், மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர். அவர் வந்த பிறகு என்ன ஆனது? தொடர்ந்து 15 தோல்வி! பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதேதான். அதற்கு முன் ஒரு சீசனின் மோசமான தொடக்கம் 13 தோல்வி. 1904இல் வாஷிங்டனும் 1920இல் டெட்ராய்ட்டும் செய்தது. ஓரியோல்ஸ் அதையும் தாண்டி 21இல் போய் நின்றது.

21 என்றால் எவ்வளவு? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். நீங்கள் உயிரை விடும் அணி ஒரு சீசன் முழுக்க, 14க்கு 14, தோற்கிறது என்று வையுங்கள். ஒரு வருடம் காத்திருக்கிறீர்கள். புது ஏலம், புது முகங்கள், புது நம்பிக்கை. அடுத்த சீசனின் முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. பதினான்கும் ஏழும் இருபத்தொன்று. ஐபிஎல்லில் ஒன்றரை சீசன் எடுக்கும் அந்த வேதனையை பால்டிமோர் ரசிகன் 25 நாளுக்குள் பட்டு முடித்துவிட்டான். ஒவ்வொரு காலையும் பேப்பரைத் திறந்தால் ஒரு தோல்வி.

அப்புறம் பாப் ரிவர்ஸ். இவருக்காகத்தான் இந்த வீடியோவையே எடுக்க ஆசைப்பட்டேன்.

பால்டிமோரின் 98 ராக் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தியவர். தோல்விகள் பத்தைத் தாண்டியதும் மைக்கில் ஒரு சபதம் போட்டார்: ஓரியோல்ஸ் ஜெயிக்கும் வரை நிகழ்ச்சியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஓரிரு நாளில் ஜெயித்துவிடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்போம்? நாள் போகிறது, அணி தோற்கிறது, மனிதர் நகரவில்லை. பாட்டு ஓடும் நேரத்தில் கொஞ்சம் கண் அயர்வார். பாட்டு முடிந்ததும் மறுபடி பேச்சு. மொத்தம் 258 மணி நேரம்! பத்து நாள், பதினெட்டு மணி நேரம். நாடு முழுக்க இதைப் பற்றிப் பேசினார்கள். காரில் போகிறவர், கடையில் நிற்கிறவர், இரவுக் காவலில் இருப்பவர், எல்லோருக்கும் அந்தத் தோல்வியைப் பகிர்ந்துகொள்ள ஒரு துணை கிடைத்தது. ரசிகன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 29, சிகாகோ. முதல் இன்னிங்ஸிலேயே ஓரியோல்ஸின் எடி மரே ஒரு ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. அப்பாவை நீக்கிய அணிக்காகக் கால் ரிப்கன் ஜூனியரும் ஒன்று அடித்தார். 9க்கு 0. ஜெயித்தாயிற்று! பாப் ரிவர்ஸ் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

அடுத்த இரண்டு ஆட்டமும் தோல்வி. அதனால்தான் ஆரம்பத்தில் 23 என்றேன்.

இப்போது மே 2க்கு வருவோம். எதிரணி டெக்சஸ் ரேஞ்சர்ஸ். 50,402 பேர் ஏன் வந்தார்கள் என்று புரிய நான்கு வருடம் பின்னால் போக வேண்டும். 1984 மார்ச்சில் ஒரு ராத்திரி, பால்டிமோரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸ், சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்கே போய்விட்டது. விடிந்து பார்த்தால் அணி இல்லை. அந்தக் காயம் ஆறாத ஊர் இது. ஓரியோல்ஸின் உரிமையாளர் எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ் வேறு வாஷிங்டன்காரர். இதையும் கொண்டுபோய்விடுவாரோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. நன்றாக ஆடும் அணியைத் தேடி அன்று யாரும் வரவில்லை. எங்களை விட்டுப் போய்விடாதீர்கள் என்று சொல்ல வந்தார்கள்.

அதே இரவு, அதே மைதானத்தில் அறிவிப்பு வந்தது: புது ஸ்டேடியத்துக்கு நீண்ட கால ஒப்பந்தம், அணி பால்டிமோரிலேயே இருக்கும். ஆட்டத்தையும் 9க்கு 4 என்று ஜெயித்தார்கள். வில்லியம்ஸ் அந்த ஆகஸ்டிலேயே புற்றுநோயால் காலமானார். ஒப்பந்தப்படி எழுந்ததுதான் 1992இல் திறந்த கேம்டன் யார்ட்ஸ்.

162 ஆட்டத்தில் ஏப்ரல் ஆட்டத்துக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால், அவரை நேராக மே 2க்கு அனுப்புங்கள்.

சீசன் முடிவு? 54 வெற்றி, 107 தோல்வி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஒரு சின்னத் தகவல்: அமெரிக்கன் லீக்கில் தொடர்ந்து 21 தோல்வி என்பதை 36 வருடம் வேறு யாரும் தொடவில்லை. 2024இல் ஒரு அணி தொட்டது. யார் தெரியுமா? சிகாகோ ஒயிட் சாக்ஸ். 1988இல் ஓரியோல்ஸுக்கு முதல் வெற்றியைக் கொடுத்த அதே அணி!

1989இன் முதல் ஆட்டம், மறுபடி மெமோரியல் ஸ்டேடியம், எதிரில் பாஸ்டன். கால் ரிப்கன் ஜூனியர் ஒரு ஹோம் ரன் அடிக்க, ஆட்டம் வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 11 வரை இழுத்தது. ஓரியோல்ஸ் 5, பாஸ்டன் 4. அந்த வருடம் 87 வெற்றி, கடைசி வார இறுதி வரை முதலிடத்துக்குப் போட்டி. அந்தக் கதை தனி வீடியோவாக வேண்டுமென்றால் கீழே ‘89’ என்று மட்டும் எழுதுங்கள், நான் புரிந்துகொள்வேன்.