சத்தம் போட்டால் பனிச்சரிவு வருமா?

"மார்ச் மாதம் குடும்பத்தோடு காஷ்மீரில் குல்மார்க் போகிறோம். பனிமலையில் கத்தினாலே பனிச்சரிவு வந்துவிடும் என்கிறார்களே, பிள்ளைகளை எப்படி அடக்குவது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் இதே சந்தேகம் பல பேருக்கு இருக்கிறது.

வராது. பிள்ளைகள் தாராளமாகக் கத்தட்டும். மனிதக் குரலுக்குப் பனியை அசைக்கிற வலு கிடையாது. ஆபத்தான பனியை முன்கூட்டியே சரிய வைக்க வேண்டுமென்றால் வெடிமருந்து வைக்கிறார்கள். இந்தக் கதையைப் பரப்பியதில் சினிமாக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரிய வைப்பது பெரும்பாலும் எடை. மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாத குருணைப் பனி ஓர் அடுக்கு இருக்கும். அதன் மேல் காற்று அள்ளிக் கொட்டி இறுக்கிய பனி, பலகை மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கே ஒருவர் கால் வைத்தால் போதும், குருணை நொறுங்கி, பலகை மொத்தமாகக் கிளம்பிவிடும். பனியில் சறுக்கி விளையாடப் போய்ச் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், பனியைக் கிளப்பியது அவர்களோ கூட வந்தவர்களோதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மலைச்சரிவு எத்தனை டிகிரி என்று. இந்தப் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடத்தில் நடக்கின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தேங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30, 35 டிகிரி. அவ்வளவு சாதாரணமான சரிவுதான் ஆளைக் கொல்கிறது. போனிலேயே கோணம் அளக்கலாம்.

நிற்கிற இடம் சமதளம் என்று நினைத்து ஏமாறாதீர்கள், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா சாலையில், 15வது மைல் பக்கம் பனிச்சரிவில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். யாரும் மலையேற வந்தவர்கள் அல்ல. அனுமதியே 13வது மைல் வரைக்கும்தான்.

புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். உடனே சியாச்சின் ஹனுமந்தப்பாவைச் சொல்வீர்கள். 2016இல் பனிச்சரிவில் புதைந்த அந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரரை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். உண்மைதான். ஆனால் கூடப் புதைந்த 9 பேரும் இறந்தார்கள், அவரும் சில நாளில் டெல்லியில் இறந்துபோனார். மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அந்த 15 நிமிடம் ஓடிவிடும், அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் தோண்ட வேண்டும். சறுக்குத் தளத்தை விட்டு வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் சிக்னல் அனுப்பும் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு அதெல்லாம் தேவைப்படாது. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, காலையில் வானம் பளிச்சென்று இருந்தால்தான் எனக்குப் பயம். அன்றைக்குத்தான் எல்லோரும் கேமராவோடு மேலே கிளம்புவார்கள்.