வாடகைக் கப்பலில் ஒரு கூட்டுறவு

(கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, பால் சங்கத்திலிருந்தும் நெசவாளர் சங்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

கூட்டுறவு விழா மேடை என்றால் அமுல் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு முன்னால் பேசிய மூவருமே அதைச் செய்துவிட்டதால், தோற்றுப்போன ஒரு கூட்டுறவின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். திவாலான ஒரு கப்பல் கம்பெனியை அதன் மாலுமிகளே தூக்கி நிறுத்திய கதை. நடந்த இடம் பிரான்ஸ்.

பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கும் இங்கிலாந்தின் டோவருக்கும் இடையே கடல் மிகவும் குறுகல். ஃபெர்ரியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அக்கரை. கார், லாரி, மனிதர் எல்லாம் ஒரே கப்பலில் போகும். அந்தத் தடத்தில் ஓடிய கம்பெனிகளில் ஒன்று சீஃபிரான்ஸ். 1996-ல் தனியாகப் பெயர் வைத்துக்கொண்டு இறங்கியது. முதலாளி யார் என்றால் பிரான்ஸின் அரசு ரயில்வே.

இறங்கிய நேரம் சரியில்லை. 1994-லேயே இரு கரையையும் இணைக்கும் ரயில் சுரங்கப்பாதை கடலுக்கடியில் திறந்தாகிவிட்டது. ரயிலில் காரை ஏற்றினால் 35 நிமிடம். அப்படியும் ஃபெர்ரிகள் பிழைத்ததற்குக் காரணம் கப்பலுக்குள் இருந்த வரியில்லாக் கடை. டிக்கெட்டில் விட்டதைச் சாராயத்திலும் சிகரெட்டிலும் பிடித்தார்கள். நமக்குப் புரியாத வியாபாரமா இது? 1999 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கிடையே அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 2008-ல் பொருளாதாரச் சரிவு வந்து லாரிகள் குறைந்தன. 2010 கோடையில் சீஃபிரான்ஸ் பாரிஸ் வணிக நீதிமன்றத்தின் கண்காணிப்புக்குள் போனது.

தாய் நிறுவனமான ரயில்வே கைகொடுக்க முன்வந்தது. 16 கோடி யூரோவுக்கும் மேல் மூலதனம், ஏறக்குறைய 10 கோடி யூரோ கடன் என்று திட்டம். அரசுப் பணத்தைப் போட்டு ஒரு கம்பெனியை மட்டும் தாங்கிப் பிடிப்பது போட்டிக்கு விரோதம் என்று 2011 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் அதைத் தடுத்துவிட்டது. டென்மார்க்கின் டிஎஃப்டிஎஸ் கம்பெனியும் பிரான்ஸின் லூயி டிரேஃபூஸ் கம்பெனியும் சேர்ந்து ஒரு விலை கேட்டன. ஆனால் பிரான்ஸில் இருந்த சுமார் 880 பேரில் பாதிப் பேரை மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்றன. நீதிமன்றம் ஒப்பவில்லை. டிஎஃப்டிஎஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் தொழிலாளர்கள் எழுந்தார்கள். கம்பெனியை நாங்களே நடத்துகிறோம் என்றார்கள். பிரான்ஸில் தொழிலாளர் கூட்டுறவுக்கு 'ஸ்கோப்' என்று சட்டப்படியே ஒரு வடிவம் உண்டு. மூலதனத்தில் பெரும்பங்கு வேலை செய்கிறவர்கள் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு. 2012 ஜனவரியில் அதிபர் சார்க்கோசியே ஒரு யோசனை சொன்னார்: வேலை போவதற்கு ரயில்வே கூடுதல் இழப்பீடு தரும், அந்தப் பணத்தைக் கூட்டுறவில் பங்காகப் போடுங்கள். தேர்தலுக்கு நாலு மாதம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வேலைநீக்கப் பணத்தைக் கொண்டே சொந்த வேலையை வாங்கிக்கொள் என்கிற யோசனை. கேட்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கு ஒப்பேறவில்லை. ஜனவரி 9-ம் தேதி நீதிமன்றம் சீஃபிரான்ஸை இழுத்து மூடியது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

கப்பல்களை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? சுரங்கத்தை நடத்துகிற யூரோடனல்! எந்தச் சுரங்கத்தால் ஃபெர்ரி நொடித்ததோ, அதே சுரங்கக்காரர். பெர்லியோஸ், ரோடான், நோர் பா-து-கலே என்று மூன்று கப்பல்கள், விலை ஆறரைக் கோடி யூரோ. அவற்றைத் தொழிலாளர் கூட்டுறவின் கையில் ஓட்டக் கொடுத்தது. 2012 ஆகஸ்டில் 'மைஃபெர்ரிலிங்க்' என்ற பெயரில் சேவை தொடங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பழைய ஆட்கள் திரும்பக் கப்பலேறினார்கள். கலே ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. லேஸ் ஆலைகள் தேய்ந்துபோன ஊர், துறைமுகத்தை விட்டால் பெரிய வேலை கிடையாது.

ஆனால் பாருங்கள், கப்பல் யூரோடனலுடையது. டிக்கெட் விற்றதும் யூரோடனலின் துணைக் கம்பெனி. கூட்டுறவின் கையில் இருந்தது உழைப்பு மட்டும். குத்தகை நிலத்தில் கிணறு வெட்டிய கதைதான்.

இங்கே நம் வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1906-ல் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியும் முதலில் வாடகைக் கப்பலில்தான் ஓடியது. வெள்ளையர் கம்பெனியின் நெருக்கடியால் கப்பல் கொடுத்தவர் பின்வாங்கினார். அதன் பிறகே சொந்தக் கப்பல் வேண்டும் என்று பம்பாய்க்கு ஓடினார் சிதம்பரனார். காலியாவும் லாவோவும் வந்தன. அந்தக் கம்பெனியும் பிழைக்கவில்லை. அதை முடித்தது வெள்ளையர் கம்பெனியின் கட்டணப் போர், கூடவே அவருடைய சிறைவாசம். ஆனால் வாடகைக் கப்பலின் ஆபத்தை அவர் மாதக்கணக்கிலேயே புரிந்துகொண்டார்.

கலேயில் ஆபத்து லண்டனிலிருந்து வந்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் கணக்குப் போட்டது: சுரங்கமும் யூரோடனலிடம், மூன்று கப்பலும் யூரோடனலிடம் என்றால் பாதிக்கு மேல் சந்தை ஒரே கையில், கட்டணம் ஏறும். டிஎஃப்டிஎஸ்ஸுக்குக் கப்பல் மலிவாகப் போய்விடக் கூடாது என்பதும் யூரோடனல் வாங்கியதற்கு ஒரு காரணம் என்று அது கருதியது. 2013 ஜூனில் உத்தரவு: டோவரிலிருந்து கப்பல் ஓட்டக் கூடாது. கூட்டுறவுத் தொழிலாளிகளும் வழக்காடினார்கள். வழக்கு ஏறி இறங்கி, 2015 முடியும் வரை ஓடியது.

வழக்கின் மையம் ஒரே கேள்வி. யூரோடனல் வாங்கியது துருப்பிடிக்கும் வெறும் கப்பல்களையா, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலையா? வெறும் கப்பல் என்றால் ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை. இடையில் ஏழு மாதம் சேவை நின்றிருந்ததே, அப்புறம் என்ன தொழில் என்றது யூரோடனல் தரப்பு. ஆணையம் எதைக் காட்டியது? கப்பலில் ஏறியவர்கள் எல்லாம் அதே பழைய மாலுமிகள். வேலை இழந்த ஒவ்வொருவரையும் எடுக்கும் ஃபெர்ரி கம்பெனிக்கு 25,000 யூரோ என்று பழைய முதலாளியான ரயில்வே திட்டம் வைத்திருந்தது. அந்தப் பணத்தால்தான் ஆட்கள் கலைந்துபோகாமல் திரும்பி வந்தார்கள். ஆகவே தொழில் சாகவில்லை, கைமாறியது என்றது. அதாவது வேலையைக் காப்பாற்றப் போட்ட ஏற்பாடே, வேலையை முடிக்கும் வழக்கில் சாட்சியாக நின்றது. ஆணையத்தை நான் குறை சொல்லமாட்டேன். பயணிகளின் பாக்கெட்டைப் பார்ப்பது அதன் வேலை. மாலுமியின் பாக்கெட்டைப் பார்க்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

கூட்டுறவுக்குள்ளும் எல்லாம் பாலும் தேனுமாக இல்லை. நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் சண்டை முற்றியது. லாபமும் இன்னும் வரவில்லை. 2015 ஏப்ரலில் சீஃபிரான்ஸைப் போலவே கூட்டுறவும் நீதிமன்றப் பாதுகாப்புக்குள் போனது. மே மாதம் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆணையத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜெயித்துவிட்டார்கள்! ஆனால் கப்பல் முதலாளிக்கு அதற்கு முன்பே சலித்துவிட்டது. ஜூனில் யூரோடனல் இரண்டு கப்பல்களை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் போட்டது. அந்த வேறொருவர், 2011-ல் பாதி ஆட்களை எடுக்கிறேன் என்ற அதே டிஎஃப்டிஎஸ்.

தொழிலாளிகள் துறைமுகத்தை மறித்தார்கள். சுரங்க ரயில் பாதையில் டயரைக் கொளுத்தினார்கள். இங்கிலாந்துப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. கப்பல்களுக்குள்ளேயே குடியேறி வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஜூலை 31-ம் தேதி நீதிமன்றம் கூட்டுறவைக் கலைத்தது. ஆகஸ்ட் கடைசியில் சமரசம்: டிஎஃப்டிஎஸ் இருநூறு பேருக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது, இன்னும் சிலருக்கு யூரோடனலிலும் துறைமுகத்திலும் வேலை.

2015 டிசம்பர் 16-ம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மே மாதத் தீர்ப்பை மாற்றி, ஆணையம் சொன்னதே சரி என்றது. வழக்கில் ஒரு தரப்பாக இருந்த கூட்டுறவு அதற்கு நாலரை மாதம் முன்பே கலைந்திருந்தது. ரோடானும் பெர்லியோஸும் 2016 தொடக்கத்தில் புதுப் பெயரோடு அதே கலே–டோவர் தடத்தில் ஓடத் தொடங்கின.