ஏட்டுச் சுரைக்காயும் பழுப்புச் சேறும்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை முன்கூட்டியே பேசிவிட்ட முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பேராசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் போன் பார்க்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மெய்நிகர் ஆய்வகம், அதாவது கணினித் திரையிலேயே சோதனை செய்யும் லேப், எதற்கு உதவும், எதற்கு உதவாது, செலவு எவ்வளவு, இந்த மூன்றையும் பேசப்போகிறேன். முதலாவதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கும் மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' தளம் நல்ல தளம்தான், 2020 ஊரடங்கில் லேப் பூட்டிக் கிடந்தபோது இப்படிப்பட்ட தளங்கள்தான் கைகொடுத்தன. சரி. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நான் முதலாமாண்டு படிக்கும்போது ஆக்ஸாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் டைட்ரேஷன் செய்யச் சொன்னார்கள், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து அளவு கண்டுபிடிக்கும் சோதனை. குடுவையைச் சூடாக்கி, கழுத்தில் காகிதத்தை மடித்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திறக்கிறேன், இளஞ்சிவப்பு வரும் என்று பார்த்தால் டீத்தூள் கலங்கியதுபோல் பழுப்பாக வருகிறது. பயத்தில் இன்னும் ஊற்றினேன், இன்னும் பழுப்பு. பின்னால் நின்ற லேப் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சல்ஃப்யூரிக் ஊத்துனியா?" என்றார். ஊற்றவில்லை! சல்ஃப்யூரிக் அமிலம் இல்லாததால் மாங்கனீஸ் டை ஆக்சைடு உண்டாகி, அதுதான் அப்படிக் கலங்கியிருக்கிறது. அன்றைக்குக் குடுவையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், முப்பது வருஷமாயிற்று, இன்னும் மறக்கவில்லை. அப்புறம் போன மாதம் என் மகள் திரையில் அதே சோதனையைச் செய்தாள். அமிலம் சேர்க்காமல் அடுத்த பொத்தானை அழுத்தினால் அழுத்தவே விடவில்லை. தப்புப் பண்ணவே விடாத லேப்பில் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? அதனால்தான் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய்!

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன், முதல்வர் பொறுத்துக்கொள்ள வேண்டும், குறை அவர்மேல் இல்லை. அந்த லேப் அண்ணன் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. கரைசல் தயாரிக்க ஆளில்லை, அதனால் பிராக்டிகல் இல்லை, அதனால் 'திரையில் பார்த்துக்கொள்' என்கிறார்கள். கணினி வாங்கக் காசு இருக்கிறது, பியூரெட் கழுவுகிறவருக்குச் சம்பளம் கொடுக்க இல்லையாம்.

செலவைப் பற்றிப் பேசவில்லை, மணி அடித்துவிட்டார்கள். வாசல் மேஜையில் ஆய்வக உதவியாளர் பணியிடம் கேட்டு ஒரு மனு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.