பர்பன் யார் பக்கம்?

அவைக்கு வணக்கம்.

துப்பறியும் கதைகளைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். ஏதாவது என்று விட்டால் நான் எதைப் பேசுவேன் என்பது என் வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் இன்று வரவில்லை.

நான் பேச வந்திருப்பது ஒரு பையனைச் சுற்றி நடக்கும் கதை. வயது 17, ஆனால் போவது ஒன்றாம் வகுப்புக்கு. முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்தால் கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பின்வரிசைப் பெரியவர்களுக்காக இரண்டே நிமிடம். குடோ ஷினிச்சி, டோக்கியோவில் பேரெடுத்த பள்ளிக்கூடத் துப்பறிவாளன். கறுப்பு உடுப்புக்காரர் இருவர் நடத்திய கள்ளப் பேரம் ஒன்றைப் பார்த்துவிடுகிறான். பின்னாலிருந்து மண்டையில் அடித்து, வாயில் ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சாக வேண்டியவன் சாகாமல் சின்னப் பையனாகச் சுருங்கிவிடுகிறான். எடோகவா கோனன் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். கோஷோ அவோயாமா ‘துப்பறிவாளன் கோனன்’ என்ற இந்தச் சித்திரக்கதையை ஷோனென் சண்டே வார இதழில் 1994 ஜனவரியில் தொடங்கினார். 100 தொகுதிகள் தாண்டிவிட்டன. பையன் இன்னும் இரண்டாம் வகுப்புக்குத் தேறவில்லை.

அந்தக் கறுப்பு உடுப்புக்காரர்களின் அமைப்பில் பெரிய ஆட்களுக்கெல்லாம் மதுவின் பெயர். ஜின், வோட்கா, வெர்மூத், கிர், கியாந்தி, பர்பன். மதுவிலக்கு பேசும் மேடையாக இருந்தால் என்னை இந்நேரம் இறக்கிவிட்டிருப்பார்கள்.

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கிறார். “பர்பன் உண்மையில் அமைப்பின் ஆள்தான் சார். போலீஸ் என்று சொல்வதுதான் வேஷம்” என்றார். 40 நிமிடம் விடவில்லை. அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான் பதில் தோன்றியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தம்பி வந்திருக்கிறார், மூன்றாவது வரிசை.

வள்ளுவர் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். “ஒற்றுஒற்று உணராமை ஆள்க உடன்மூவர் சொல்தொக்க தேறப் படும்” என்கிறார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியக் கூடாது. அப்படி மூன்று பேரை வைத்து, மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பு என்கிறார். கறுப்பு அமைப்பிலும் மூன்று பேர் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ரை, ஸ்காட்ச், பர்பன். மூன்றும் விஸ்கி வகை. ரை என்பவர் அமெரிக்க எஃப்.பி.ஐ. அனுப்பிய அகாய் ஷூயிச்சி. ஸ்காட்ச், ஜப்பான் பொதுப் பாதுகாப்புப் போலீஸின் மொரோஃபுஷி ஹிரோமிட்சு. பர்பனும் அதே போலீஸ், ஃபுருயா ரே. மூவருமே வெளியாள்! மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போகத்தான் செய்திருக்கும். வள்ளுவர் இப்படி ஒரு நிலைமையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னும் இருக்கிறார்கள். கிர் என்ற பெண் சி.ஐ.ஏ. 2016இல் வந்த இருபதாவது திரைப்படத்தில் ஸ்டவுட், அக்வாவிட், ரீஸ்லிங் என்று மூன்று பேர். பிரிட்டன், கனடா, ஜெர்மனி என்று ஆளுக்கொரு நாட்டு உளவுத்துறை. ஜின் மட்டும் உண்மையாகவே கெட்டவனாக இருந்து உழைத்துக்கொண்டிருக்கிறான். பாவம்.

இப்போது பர்பன். இந்தப் பெயர் கதைக்குள் வந்த காலத்தில் மூன்று பேர்மேல் சந்தேகம். குடோவின் காலி வீட்டில் குடியேறிய ஒக்கியா சுபாரு, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த செரா மசுமி, துப்பறிவாளர் மோரி கொகோரோவிடம் சீடனாகச் சேர்ந்த அமுரோ தோரு. நான் சுபாருவின்மேல் சத்தியம் செய்தேன். ஒரு நண்பரிடம் பந்தயம்கூட. கடைசியில் பர்பன் அமுரோதான். அந்த சுபாரு, செத்துப்போனதாக எல்லாரும் நம்பிய அகாய் ஷூயிச்சி. பந்தயத்தில் தோற்றதுகூடப் பெரிதில்லை, நண்பர் அதை இன்றுவரை விடாமல் நினைவூட்டுகிறாரே, அதுதான்.

விஷயம் தெரிந்தவர்கள் பெயரிலேயே பிடித்திருக்க வேண்டும். பழைய குண்டம் அனிமேயில் அமுரோ ரே என்பவன் நாயகன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஃபுருயா தோரு. இரண்டையும் கலைத்து அடுக்கினால் அமுரோ தோரு, ஃபுருயா ரே. அந்த அமுரோவின் எதிராளி, சிவப்பு வால்மீன் என்று பட்டம் பெற்ற சார் அஸ்னபிள் என்பவர். அவருக்குக் குரல் இக்கேதா ஷூயிச்சி. ஜப்பானிய மொழியில் ‘அகாய்’ என்றால் சிவப்பு. ஆக அகாய் ஷூயிச்சியும் அமுரோவும் மோதுவார்கள் என்று பெயர் வைக்கும்போதே அவோயாமா சொல்லிவிட்டார். இரண்டு பாத்திரங்களுக்கும் அதே இரண்டு நடிகர்களையே அனிமேயில் பேச வைத்தார்கள். இந்த மாதிரித் துப்பு கதைக்குள் கிடைக்காது, கதைக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குத்தான் கிடைக்கும்.

அந்த அமுரோ செய்யும் வேலை என்ன? மோரி கொகோரோவின் அலுவலகத்துக்கு நேர் கீழே ‘பாய்ரோ’ என்ற காபிக் கடை. அங்கே பரிமாறுகிறார், ஹாம் சாண்ட்விச் போடுகிறார். அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், “கடாஅ உருவொடு” என்று தொடங்கும். யாருக்கும் ஐயம் வராத தோற்றம், எவர் பார்த்தாலும் அஞ்சாத கண், எது நேர்ந்தாலும் உள்ளிருப்பதைக் கக்காத வாய். சாண்ட்விச் போடுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் அடுக்கிய சாட்சியம் லேசானதில்லை. பர்பன் அகாயைப் பிடித்து அமைப்பிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அகாய் எஃப்.பி.ஐ. என்று தெரிந்தே! அமைப்பை ஒழிக்க வந்த போலீஸ், அமைப்பை ஒழிக்க வந்த இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கலாமா? உள்ளே இன்னும் மேலே ஏற அது ஒரு படி என்பது அவருடைய கணக்கு. கொடூரமான கணக்குதான். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கும் அவர்மேல் வெறுப்பு வந்தது.

ஆனால் தம்பி, ஒற்றன் செய்ததைக் கணக்கெடுத்து அவன் யார் என்று சொல்லவே முடியாது. அவன் செய்வதெல்லாம் வேஷத்துக்காகச் செய்வது. கிர்ரைப் பாருங்கள். ரைஹா கணவாயில் அகாயை நெஞ்சில் சுட்டாள், தலையில் சுட்டாள், வண்டி எரிந்தது. செயலை வைத்துச் சொன்னால் அவள் துரோகி. அதெல்லாம் கோனன் போட்ட திட்டம், எரிந்தது வேறொரு பிணம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் நமக்குத் தெரிந்தது. அவளுடைய அப்பா கதை இன்னும் கொடுமை. அவரும் சி.ஐ.ஏ. மகளின் வேஷம் கலையாமல் இருக்கவேண்டும் என்று தன் மணிக்கட்டைத் தானே கடித்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். மகள் அவரைச் சுட்டாள் என்று அமைப்பு நம்பியது, பாராட்டியது. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அவள் நின்றாள்.

அதனால் என் வழி வேறு. ஒற்றன் செய்யக்கூடியதாக இருந்தும் செய்யாமல் விட்டது எது என்று தேடுங்கள். செய்வதை அமைப்பு கட்டளையிடும். சும்மா இருப்பதைக் கட்டளையிட யாருமில்லை. அது ஒன்றுதான் அவனுடையது.

பர்பனை இதில் வைத்துப் பாருங்கள். அகாய் உயிரோடு இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அன்று குடோ வீட்டுக்குள் புகுந்து சுபாருவின் முகத்தைக் கிழிக்கலாம் என்று போனார். உள்ளே சுபாரு வேஷத்தில் உட்கார்ந்திருந்தது ஷினிச்சியின் அப்பா. அதே நேரம் உண்மையான அகாய் அதே ரைஹா கணவாயில் இருந்தார். இருவரும் தொலைபேசியில் பேசினார்கள். அதற்குப் பிறகு பர்பன் ஜின்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அகாயும் கிர்ரும் அன்றே முடிந்திருப்பார்கள். சொல்லவில்லை. அதற்கு முன்னால் மர்ம ரயிலில், அமைப்பைவிட்டுத் தப்பி ஓடிய விஞ்ஞானி ஷெர்ரியைக் கொல்ல வெர்மூத் வெடிகுண்டே வைத்திருந்தாள். பர்பன் கையில் துப்பாக்கி இருந்தது, எதிரில் ஷெர்ரி நின்றாள். அவர் அவளை உயிரோடு கொண்டுபோகத்தான் பார்த்தார். அவர் பார்த்தது ஷெர்ரி வேஷத்தில் வந்த கைட்டோ கிட் என்ற திருடனை என்பது வேறு கதை, அதற்குள் போனால் நாம் வீட்டுக்குப் போக முடியாது.

ஷெர்ரியின் அம்மா எலெனா டாக்டர். ஃபுருயா ரே பொன்னிறத் தலைமுடியோடு பிறந்த ஜப்பானியப் பையன். அந்த முடிக்காகவே மற்ற பிள்ளைகளிடம் அடிவாங்கிக்கொண்டு வருவான். மருந்து போட்டுவிட்டவர் எலெனா. அவர் ஒருநாள் ஊரைவிட்டுப் போய்விட்டார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் போலீஸில் சேர்ந்தான். ‘நீ எங்கள் ஆள் இல்லை’ என்று சிறுவயதில் யாரைத் துரத்தினார்களோ அவன்தான் வளர்ந்து, நாட்டையே காதலிக்கிறேன் என்று சொல்கிறான். 2018இல் வந்த ‘ஸீரோ’ படத்தில். அந்த ஒரு பேச்சுக்காகவே ஜப்பானில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. படம் 900 கோடி யென்னைத் தாண்டியது. ரே என்ற எழுத்துக்கு ஜப்பானியத்தில் பூஜ்யம் என்று பொருள். ஸீரோ என்பது அவனுடைய பள்ளிக்கூடப் பட்டப்பெயர், அவன் வேலை செய்யும் ரகசியப் பிரிவின் பட்டப்பெயரும் அதுவே.

வெர்மூத்துக்கும் இதே தராசைப் பிடிக்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அவளுக்குப் பின்னால் எந்த நாடும் கிடையாது, எந்தத் துறையும் கிடையாது. கோனன்தான் ஷினிச்சி என்று அவளுக்குத் தெரியும். தலைவனுக்குச் செல்லப்பிள்ளை, வாயைத் திறந்தால் கதை அன்றோடு முடிந்துவிடும். திறக்கவில்லை. நியூயார்க்கில் ஷினிச்சியும் அவன் தோழி ரானும் அவள் உயிரைக் காப்பாற்றியதுதான் காரணம். அவளைத் தேவதையாக்கும் ரசிகர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். இதே கை எஃப்.பி.ஐ.யில் இருக்கும் ஜோடி என்ற பெண்ணின் அப்பாவைக் கொன்ற கை, அப்போது ஜோடி சின்னப் பிள்ளை. 2023இல் வந்த நீர்மூழ்கிக் கப்பல் படத்தில், ஒரு கிழவி வேஷத்தில் வரிசையில் நின்ற வெர்மூத்துக்கு ஹைபாரா தன் டோக்கனை விட்டுக்கொடுத்தாள். சிறுமியாகச் சுருங்கிய ஷெர்ரிதான் இந்த ஹைபாரா. ஒரு புரூச்சுக்கான டோக்கன். அந்த டோக்கனுக்காக வெர்மூத் ஹைபாராவைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாள். அவ்வளவுதான் அவள் விசுவாசம், ஒரு டோக்கன் அளவு.

தம்பி, உங்கள் முகத்தில் இன்னும் சமாதானம் தெரியவில்லை. பர்பன் போலீஸ் என்றால் அகாய்மேல் ஏன் இத்தனை வெறி என்கிறீர்கள். அது மொட்டைமாடிக் கதை.

ஸ்காட்ச் வெளியாள் என்பது அமைப்புக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்காட்சும் பர்பனும் சின்ன வயதுத் தோழர்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஐந்து பேர் ஒரு கூட்டு. மற்ற நால்வரும் பின்னால் ஒவ்வொருவராக இறந்து ஃபுருயா மட்டும் மிஞ்சினார். அன்றிரவு பர்பன் மாடிக்கு ஓடி வந்து சேரும்போது ஸ்காட்ச் சுவரில் சாய்ந்து கிடக்கிறார். முன்னால் ரத்தம் தெறித்த முகத்தோடு ரை. துரோகியைத் தண்டித்தேன் என்கிறார் ரை. பர்பன் நெஞ்சில் காது வைத்துப் பார்க்கிறார், துடிப்பு இல்லை. பின்னால் யோசித்து, அது தற்கொலை என்று ஊகித்தார். ஆனாலும் ஆறவில்லை. இவ்வளவு பெரிய கெட்டிக்காரனுக்கு அவனைச் சாகவிடாமல் தடுக்க ஒரு வழிகூடவா கிடைக்கவில்லை? அந்தக் கேள்விதான் அவரை அகாய் பின்னால் ஓடவைத்தது.

நடந்தது இது. ஸ்காட்ச், ரையின் ரிவால்வரைப் பறித்துத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். சட்டைப்பையில் செல்போன், அதில் குடும்பத்தார், நண்பர்கள் விவரம். தன்னோடு அதுவும் அழியவேண்டும். அகாய் ரிவால்வரின் உருளையைக் கையால் இறுக்கிப் பிடித்தார். உருளை சுழலாவிட்டால் குண்டு வெடிக்காது. நானும் உன்னைப் போலத்தான், எஃப்.பி.ஐ., உன்னைத் தப்பவைக்கிறேன் என்றார். ஸ்காட்ச் தளர்ந்தார். அந்த நேரம் பார்த்து இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம். அமைப்பின் ஆள் வந்துவிட்டான் என்று நினைத்தார்கள். அகாயின் கவனம் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்ப, பிடி நழுவியது. குண்டு வெடித்தது.

ஓடிவந்தது பர்பன். நண்பனைக் காப்பாற்ற ஓடிவந்தார்.

அகாய்க்கு அந்தக் காலடி யாருடையது என்று தெரியும். அந்த இரவிலும் சொல்லவில்லை, பல வருடம் கழித்து ரைஹா கணவாயில் தொலைபேசியில் பேசியபோதும் சொல்லவில்லை. அவனை நினைத்து இப்போதும் வருந்துகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த வெறுப்பு முழுவதையும் தானே வாங்கிக்கொண்டார்.

யார் பக்கம் என்று கேட்டீர்களே தம்பி. அகாயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.