பிங் போகுது, பிரிண்ட் போகல! தப்பு எங்க?

வணக்கம் மக்களே! ஆபீஸ்ல ஒரு சிஸ்டம், நெட் வருது, பிரிண்டருக்கு பிங் ("இருக்கியா?"ன்னு நெட்வொர்க்ல கேட்டு பாக்கற சின்ன டெஸ்ட்) அடிச்சா ரிப்ளை கூட வருது, பிரிண்ட் குடுத்தா மட்டும் வர மாட்டேங்குது. டிரைவரை தூக்கிட்டு திரும்ப போட்டாச்சு, கேபிள் மாத்தியாச்சு, ம்ஹூம். பிரிண்டர் மேல தப்பே இல்லைங்க, தப்பு சிஸ்டத்துல போட்ட சப்நெட் மாஸ்க்ல!

சப்நெட் மாஸ்க்னா என்னன்னு சட்டுனு சொல்லிடறேன். பேச வேண்டிய ஆளு நம்ம தெருவா வெளித்தெருவான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்றது இத வெச்சுதான். நம்ம தெருன்னா நேரா போய் கதவை தட்டும், வெளித்தெருன்னா டீஃபால்ட் கேட்வே, அதாவது ரவுட்டர் கையில குடுத்துடும். அவ்ளோதான்.

இப்ப கேஸுக்கு வருவோம். ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல வீட்டு விலாசம், ரவுட்டருக்கு 192.168.1.1, பிரிண்டருக்கு 192.168.1.200, எல்லாத்துலயும் மாஸ்க் 255.255.255.0. நம்ம சிஸ்டம் 192.168.1.20, அதுல மட்டும் யாரோ 255.255.255.128னு அடிச்சு வெச்சுட்டாங்க. அந்த 128 தெருவை ரெண்டா வெட்டிடுது, அட்ரஸோட கடைசி நம்பர் 127 வரைக்கும் ஒரு தெரு, 128ல இருந்து வேற தெரு. ரவுட்டர் 1லயே இருக்கறதால நெட் ஜம்முனு வரும். ஆனா 200 வெளித்தெருன்னு நினைச்சு பாக்கெட்டை (அனுப்பற டேட்டா துண்டை) சிஸ்டம் ரவுட்டர்கிட்ட குடுக்குது, ரவுட்டர் அதை வந்த வழியாவே திருப்பி பிரிண்டருக்கு தள்ளுது, பிரிண்டர்ல மாஸ்க் சரியா இருக்கு இல்லையா, அதுக்கு 20 பக்கத்து வீடு, அதனால ரவுட்டர் பக்கமே போகாம பதிலை நேரா குடுத்துடுது. போறது ஒரு வழி, வர்றது இன்னொரு வழி! பிங்குக்கு இது போதும். பிரிண்ட் போறது டிசிபில, அதாவது ரெண்டு பக்கமும் பதில் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டே டேட்டா அனுப்பற முறைல. ரவுட்டர்ல கண்டிப்பான ஃபயர்வால் (பாக்கெட்டை சோதிச்சு விடற காவல்காரன்) இருந்தா, "முதல் பாக்கெட் பாத்தேன், அதுக்கு பதில் வந்ததையே நான் பாக்கல, அதுக்குள்ள அடுத்தது எப்படி வருது?"ன்னு தூக்கி போட்டுடும். நெட்வொர்க்கிங்ல எனக்கு ரொம்ப புடிச்ச தப்பு இதுதான், சத்தியமா.

மாஸ்க்கை பெருசா, 255.255.0.0னு போட்டா கதை தலைகீழ். அடுத்த மாடில, வேற தெருவுல இருக்கற 192.168.2.50யும் நம்ம தெருன்னு நினைச்சு ஏஆர்பில, அதாவது "இந்த ஐபி யாருது?"ன்னு தெருவுக்குள்ள கேக்கற முறைல, கூப்பிட்டுட்டே இருக்கும், யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஆனா சிஸ்கோ ரவுட்டர்ல ப்ராக்ஸி ஏஆர்பி (அடுத்தவங்களுக்காக ரவுட்டரே பதில் சொல்ற வசதி) டீஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், அது "எங்கிட்ட குடு"ன்னு வாங்கி சேர்த்துடும். தப்பு வெளிய தெரியாமலே வருஷக்கணக்கா ஓடி, ரவுட்டர் மாத்துன அன்னைக்கு படுத்துடும், எல்லாரும் புது ரவுட்டரை திட்டுவாங்க.

கேட்வே தப்பா இருந்தா உள்ள எல்லாம் ஓடும், வெளிய எதுவும் போகாது. பிரிண்டர்லயே கேட்வேயை காலியா விட்டிருந்தா, அடுத்த மாடில இருந்து குடுத்த பாக்கெட் வந்து சேரும், பதிலுக்குத்தான் திரும்பி போக வழி இருக்காது.

அடுத்த தடவை கேபிளை புடுங்கறதுக்கு முன்னாடி, ஓடற சிஸ்டம் ஓடாத சிஸ்டம் ரெண்டுலயும் ஐபிகான்ஃபிக் (விண்டோஸ்ல ஐபி, மாஸ்க் எல்லாம் காட்டற கமாண்ட்) அடிச்சு மாஸ்க்கை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, என்ன வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, நான் படிப்பேன்.