ஆசிரியர்கள் போருக்குப் போன பிறகு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? | ஷ்ரூஸ்பரி பள்ளி, 1914–1919

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில், ஷ்ரூஸ்பரி நகரத்தின் குவாரி பூங்காவில், செவெர்ன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருக்கிறேன். இந்த ஆறு ஊரை ஏறக்குறைய முழுவதுமாக வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிர்க்கரை மேட்டில் உங்களுக்குத் தெரிகிற செங்கல் கட்டடம்தான் ஷ்ரூஸ்பரி பள்ளி. 1552-ஆம் ஆண்டு ஊருக்குள் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, 1882-இல் ஆற்றைத் தாண்டி அந்த மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. சார்லஸ் டார்வின் படித்தது ஊருக்குள் இருந்த பழைய கட்டடத்தில். அது இப்போது பொது நூலகமாக இருக்கிறது.

முதல் உலகப் போரின்போது இது முழுக்க முழுக்க ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி. போர் தொடங்கியதும் இங்கிருந்த இளம் ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் போன பிறகு இந்தப் பிள்ளைகளுக்குப் படகோட்டவும் கிரிக்கெட் ஆடவும் கற்றுக்கொடுக்க யார் மிஞ்சினார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

அக்காலத்து ஆங்கில விடுதிப் பள்ளிகளில் விளையாட்டு என்பது பாடவேளைக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வு அன்று; நாளின் பாதி அதற்குத்தான். அதை நடத்தியவர்கள் தனிப் பயிற்சியாளர்கள் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் துடுப்புப் போட்டுவிட்டு, கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடிவிட்டு, இலத்தீன் கற்பிக்க வந்த இருபத்தைந்து முப்பது வயது இளைஞர்கள்தான் மாலையில் ஆற்றங்கரையிலும் மைதானத்திலும் நின்றார்கள். 1908-இல் அதிகாரிகள் பயிற்சிப் படை என்ற அமைப்பு பள்ளிகளுக்கு வந்தபோது, மாணவர்களுக்கு அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுக்கும் பொறுப்பும் பெரும்பாலும் இதே இளைஞர்களின் தோளில்தான் விழுந்தது. ஆகவே 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, ஒரு பள்ளி முதலில் யாரை இழக்கும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கணக்கு வாத்தியார் போனால் இன்னொரு முதியவரை அழைத்து வந்து உட்கார வைத்துவிடலாம். எட்டுப் பேர் படகுக்குக் கரையோரமாக ஓடிக்கொண்டே குரல் கொடுக்கக்கூடியவரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

ஷ்ரூஸ்பரியில் இப்படிப் போனவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ஈவ்லின் சவுத்வெல். ஈட்டன் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் துடுப்புப் போட்டவர். மற்றவர் மால்கம் வைட். கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர், இசையில் நாட்டம் கொண்டவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே இவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடவில்லை. தாங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் தங்களுக்கு முன்பே சீருடை அணிந்து பிரான்சுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே, மறுநாள் காலையில் அதே வகுப்பறையில் அடுத்த பாடத்தைத் தொடங்க வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். இருவரும் ரைஃபிள் பிரிகேட் என்ற காலாட்படைப் பிரிவில் அதிகாரிகளானார்கள். பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று வைட் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அதே போரில் சவுத்வெல் இறந்தார்.

எல்லாத் தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களை எளிதில் விடுவித்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சர்ரேயில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் அப்போது ஓர் இளம் ஆசிரியர், படையில் சேர அனுமதி கேட்டுத் தலைமையாசிரியர் ஃபிராங்க் ஃபிளெட்சரிடம் மறுப்பையே பெற்றுக்கொண்டிருந்தார். விடுமுறைகளில் மாணவர்களை வேல்ஸ் மலைகளுக்கு அழைத்துப் போய்ப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1915 இறுதியில்தான் அவருக்குப் பீரங்கிப் படையில் இடம் கிடைத்தது. அவர் பெயர் ஜார்ஜ் மாலரி. ஆம், பின்னாளில் எவரெஸ்ட் ஏறப்போன மாலரியேதான்.

ஷ்ரூஸ்பரிக்குத் திரும்புவோம். 1908 முதல் இங்கே தலைமையாசிரியராக இருந்தவர் சிரில் ஆலிங்டன். அவர் திருச்சபைக் குரு. குருமார் ஆயுதம் ஏந்துவதை ஆங்கிலத் திருச்சபை ஏற்கவில்லை. எனவே அவர் பள்ளியிலேயே இருந்தார், காலியாகும் இடங்களை நிரப்பும் வேலையும் அவருடையதாயிற்று. அவர் நிரப்பிய விதத்தைப் பார்த்தால் எனக்கு வியப்பும் கொஞ்சம் சிரிப்பும் வருகின்றன. 1915-இல் வகுப்பெடுக்க வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ரொனால்டு நாக்ஸ். ஆக்ஸ்ஃபோர்டிலேயே பெரிய அறிவாளி என்று பெயரெடுத்தவர். பிற்காலத்தில் கத்தோலிக்கக் குருவாகி விவிலியத்தைத் தனியாளாக மொழிபெயர்த்தவர், இடையில் துப்பறியும் கதைகளும் எழுதியவர். போர் இல்லாதிருந்தால் பதினைந்து வயதுப் பையன்களின் இலத்தீன் பயிற்சித் தாள்களை அவர் திருத்தியிருப்பாரா என்பது ஐயமே.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தவர் இன்னொருவர். மான்செஸ்டரின் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்து, பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டுவிட்டு, நூலகங்களில் தானாகப் படித்து வளர்ந்த நெவில் கார்டஸ், 1912-இல் இந்தப் பள்ளிக்கு உதவிக் கிரிக்கெட் பயிற்சியாளராக வந்தார். பழைய டெஸ்ட் வீரர்களான வில்லியம் அட்டவெல்லுக்கும், பிறகு டெட் வெய்ன்ரைட்டுக்கும் கீழே, வலைப்பயிற்சியில் பையன்களுக்கு நாள் முழுவதும் பந்து வீசுவதுதான் அவருடைய வேலை. 1914-இல் ஆலிங்டனின் செயலாளர் படைக்குப் போய்விட, பந்து வீசிக்கொண்டிருந்த கார்டஸையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் ஆலிங்டன். கார்டஸுக்குக் கிட்டப்பார்வைக் குறை. ராணுவம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. வர்க்கத்தை அவ்வளவு கறாராகப் பார்த்த ஒரு பள்ளியில், கூலிக்குப் பந்து வீச வந்தவர் தலைமையாசிரியரின் மேசையருகே போய் உட்கார்ந்தது சமாதான காலத்தில் நடந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இதே ஆண்டுகளில் பள்ளிக்கு வெளியே கிரிக்கெட்டின் நிலை என்னவென்றும் பார்க்க வேண்டும். 1914 ஆகஸ்ட் இறுதியில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற பழைய கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ், நாடு போரில் இருக்கும்போது ஆட்டம் நடப்பது சரியன்று என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1915 முதல் 1918 வரை, மாவட்ட அணிகள் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப் நடக்கவில்லை. அந்த நான்கு கோடைகளிலும் நாட்டில் ஒழுங்காக நடந்த கிரிக்கெட் என்றால் பெரும்பாலும் பள்ளிக் கிரிக்கெட்தான். விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் 1916, 1917 பதிப்புகளில் ‘ஆண்டின் ஐந்து வீரர்கள்’ பட்டியலையே வெளியிடவில்லை. 1918-இல் ஐந்து பள்ளிப் பந்துவீச்சாளர்களையும் 1919-இல் ஐந்து பள்ளி வீரர்களையும் தேர்ந்தெடுத்தது. 1919 பட்டியலில் இருந்த அப்பிங்காம் பள்ளி மாணவர் பெர்சி சாப்மன், 1926-இல் ஓவலில் ஆஷஸ் தொடரை வென்ற இங்கிலாந்து அணியின் கேப்டன். 1918 பட்டியலில் இருந்த கிரான்லி பள்ளி மாணவர் ஹாரி கால்டர் அதற்குப் பிறகு ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடவில்லை. அப்படி ஒரு கௌரவம் தமக்குக் கிடைத்திருந்தது என்பதே 1994-இல்தான், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகுதான், அவருக்குத் தெரியவந்தது. நாட்டின் தலைசிறந்த ஐவரில் ஒருவன் என்று அச்சில் வந்திருக்கிறது, பையனுக்கு யாரும் சொல்லவில்லை! போர்க்காலத்தில் எதற்குக் கவனம் இருந்தது, எதற்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடுகளத்தில் கற்ற தலைமைப் பண்பே போர்க்களத்தில் கைகொடுத்தது என்று அன்றைய ஆங்கிலேயர் பலர் நம்பினார்கள். அதே பேச்சு இன்றும் பள்ளி விழாக்களில் கேட்கிறது. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. விளையாட்டு உண்மையிலேயே போருக்குப் போதுமான பயிற்சியாக இருந்திருந்தால், போர் வந்ததும் விளையாட்டு வேளையை அணிவகுப்புக்கும் பதுங்குகுழி தோண்டும் பயிற்சிக்கும் பள்ளிகள் வெட்டிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் உணவுக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது, பல பள்ளிகளில் மைதானத்தின் ஒரு பகுதி உருளைக்கிழங்குத் தோட்டமாயிற்று. விடுமுறைகளில் பையன்கள் அறுவடைக்குப் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆட்டம் தொடர்ந்ததற்குக் காரணம் கொள்கை அன்று. விடுதியில் அடைபட்டிருக்கும் சில நூறு பையன்களுக்கு மாலைப் பொழுது என்று ஒன்று இருந்தது, எதிரே ஆறும் இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆற்றில் வளர்ந்த பையன்களில் ஒருவன் 1916-இல் இங்கே சேர்ந்த ஆண்ட்ரூ இர்வின். தேம்ஸ் ஆற்றில் நடக்கும் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியில் ஷ்ரூஸ்பரி பள்ளி முதன்முதலாகக் கலந்துகொண்டது 1912-இல்தான். அந்தப் புது உற்சாகம் அடங்குவதற்குள் போர் வந்து, 1915 முதல் 1918 வரை ஹென்லியே நின்றுபோயிற்று. சாண்டி என்று எல்லோரும் அழைத்த இர்வின், துடுப்புப் போட்டது போக மிச்ச நேரத்தில், விமானத்தின் சுழலும் விசிறிக்கு ஊடே இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதற்கான கருவி ஒன்றை வடிவமைத்து வரைபடத்தைப் போர் அலுவலகத்துக்கே அனுப்பினான். 1919 ஜூலையில் ஹென்லியில் சமாதானப் படகுப் போட்டி நடந்தபோது, பள்ளி அணிகளுக்கான எல்சன்ஹாம் கோப்பையை ஷ்ரூஸ்பரி வென்றது. அந்தப் படகில் பதினேழு வயது இர்வினும் இருந்தான். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, அங்கிருந்து எவரெஸ்ட். 1924 ஜூன் 8 அன்று மாலரியும் இர்வினும் உச்சியை நோக்கி ஏறி, திரும்பி வரவில்லை. ஒருவர் போர்க்காலப் பள்ளியிலிருந்து விடைபெற்றுப் போன ஆசிரியர், மற்றவர் அப்படி ஆசிரியர்கள் விட்டுப்போன பள்ளியில் வளர்ந்த மாணவர். மாலரியின் உடல் 1999-இல் கிடைத்தது; இர்வினின் பெயர் தைத்த காலுறையும் அதனுள் பாதமும் 2024-இல் கிடைத்தன.

ஆலிங்டனும் விடைபெற்றார், ஆனால் போருக்கு அன்று. 1917 தொடக்கத்தில் ஈட்டன் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார், ஷ்ரூஸ்பரிக்கு ஹெரால்டு சாயர் வந்தார். கார்டஸ் ஆலிங்டனுடன் ஈட்டனுக்குப் போகவில்லை. வேலையில்லாமல் மான்செஸ்டருக்குத் திரும்பி, 1917-இல் மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் சேர்ந்து, பின்னர் கிரிக்கெட் எழுத்தின் போக்கையே மாற்றினார்.

போரில் இறந்த முன்னூறுக்கும் மேற்பட்ட ஷ்ரூஸ்பரி பள்ளியினருக்கு நினைவுச் சின்னமாகப் பள்ளி வளாகத்தில் நிற்பது, இதே பள்ளியின் பழைய மாணவரும் 1586-இல் போரில் காயம்பட்டு இறந்தவருமான கவிஞர் ஃபிலிப் சிட்னியின் சிலை. பள்ளி இப்போதும் நடந்துகொண்டிருப்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. படகுத் துறையைப் பார்க்க இந்தப் பூங்காவே போதும், மாலை நேரத்தில் வந்தால் பையன்களோடு இப்போது பெண் பிள்ளைகளும் துடுப்புப் போடுவதைப் பார்க்கலாம். முதல் உலகப் போர்க் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் வாழ்ந்ததும் இதே ஊரில்தான், ஆனால் அவர் படித்தது இந்தப் பள்ளியில் அன்று. அவரைப் பற்றி அடுத்த காணொளியில் பேசுகிறேன்.